அளந்து பார்த்துவிட்டுக் கை வைக்கும் புதூர் பட்டறை: என் 2002 சிட்டி விடெக்கின் தொலைந்த வேகம்

மதுரையில் பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்தி, "இதோட வேகத்தைக் கூட்டணும்" என்று சொன்னால், பெரும்பாலான இடங்களில் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணுவீங்க?" கே.புதூர் தொழிற்பேட்டைக்குள், லேத் பட்டறைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கடையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப கம்ப்ரஷன் பார்த்தீங்க?" சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று அளப்பதுதான் அது. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றிவிட்டது.

கடைக்குப் போர்டு இல்லை. பெயரையும் போன் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு காருக்கு மேல் அவர் பிரிப்பதில்லை. கூட்டம் சேர்ந்தால் சமாளிக்க முடியாது என்பது அவர் கணக்கு. தொழிற்பேட்டைக்குள் போய் 'பழைய ஹோண்டா பார்க்கிறவர்' என்று எந்த லேத்தில் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு 1998இல் வந்தது. 2000இல் அதில், வேகம் கூடும்போது வால்வுகளை இன்னும் அதிகமாகத் திறக்கும் விடெக் எஞ்சினைப் போட்டுக் கொடுத்தார்கள். 1493 சிசி, 106 குதிரைத் திறன். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள காருக்கு அந்தக் காலத்தில் அது பெரிய சக்தி. 2003இல் அடுத்த தலைமுறை சிட்டி வந்தபோது மைலேஜை முன்னால் வைத்து 77 குதிரைத் திறன் எஞ்சினைக் கொடுத்தார்கள். அதனால்தான் அந்த மூன்று வருட விடெக் கார்களை வைத்திருப்பவர்கள் இன்னும் விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறார்கள். நான்கு கதவும் டிக்கியும் இருந்தாலும், அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. ஸ்டீயரிங் கைக்குச் சொல்லும் சேதியும், முள் மேலே போகப் போக எஞ்சினுக்கு வரும் ஆவலும் இப்போதைய கார்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

என் கார் 2002 மாடல். விருதுநகர் பக்கம் வாங்கியது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கொஞ்ச காலம் எல்பிஜி கிட் போட்டு ஓட்டியிருக்கிறார். அது போதாது என்று 16 அங்குல அலாய் வீல், எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கூம்பு ஃபில்டர், பின்னால் வாய் அகன்ற சைலன்சர் எல்லாம் மாட்டியிருந்தார். பார்க்க வேகமான கார். ஓட்டினால் நாலாயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம் வரை சுமாராக இழுக்கும். அதற்கு மேல் சத்தம் மட்டும்தான் கூடும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது ஆயிரத்து இருநூறு சிசி கார்கள் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தன.

இதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டினேன். பெயர் வேண்டாம். ஒரு இடத்தில் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எஞ்சின் வேலை, எண்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் என் கணவரைப் பார்த்து வந்தது. கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். இன்னொரு இடத்தில் ஹெடர், பெரிய குழாய், ஒரு 'சிப்' என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். நான் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவள். அளவு சொல்லாமல் பேசும் பேச்சு என் காதில் ஏறாது. "எவ்வளவு கூடும்?" என்று கேட்டதற்கு, "ஓட்டிப் பார்த்தா உங்களுக்கே தெரியும் மேடம்" என்றார்கள். வந்துவிட்டேன்.

புதூர் அண்ணனுக்கு அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். என்னை 'டீச்சர்' என்றே கூப்பிட்டார். சாவியை வாங்கி ஆன் செய்தவர், ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "டீச்சர், எல்லா விளக்கும் எரியுது. எஞ்சின் லைட்டு மட்டும் எரியலையே, பார்த்தீங்களா?" என்றார். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். மீட்டரைக் கழற்றினால், அந்த இடத்தில் பல்பே இல்லை. கோளாறு தெரியக் கூடாது என்று யாரோ உருவி எடுத்திருக்கிறார்கள்.

இந்தக் காலத்து ஸ்கேனர்களோடு பேசும் கார் இல்லை இது. சர்வீஸ் கனெக்டரில் ஒரு துண்டுக் கம்பியைச் சொருகினால் எஞ்சின் லைட் மினுக்கும்; அந்த மினுக்கலை எண்ணித்தான் கோளாறைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான மினுக்கல் பத்து, குட்டையானது ஒன்று. புது பல்பு போட்டதும் நீளமாக இரண்டு, குட்டையாக இரண்டு. 22. விடெக்கின் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் பற்றிய புகார் அது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விடெக் கார் வைத்திருக்கும் பல பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பாதி எஞ்சினோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறக்கச் சுழலும் தண்டான கேம் ஷாஃப்டில், உள்ளே காற்று விடும் வால்வுகளுக்கு இரண்டு விதமான மேடுகள் உண்டு. சாதாரண வேகத்தில் தாழ்வான மேடுகள் வால்வைத் திறக்கும். ஐயாயிரம் ஆர்பிஎம்மை ஒட்டி, கம்ப்யூட்டர் சாலினாய்டு என்னும் மின்சார வால்வைத் திறந்து ஆயிலை அழுத்தத்தோடு உள்ளே விடும். அந்த அழுத்தம், மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர்களுக்குள் இருக்கும் ஒரு பின்னைத் தள்ளி எல்லா ராக்கரையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு நடுவில் இருக்கும் உயரமான மேடுதான் வால்வுகளை இயக்கும். வால்வு அதிகமாகத் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். 106 குதிரைத் திறன் என்று புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது மேட்டில்தான் இருக்கிறது. ஆயில் அழுத்தம் வந்ததா என்று சொல்ல ஒரு ஸ்விட்ச். அது சரியான பதில் தராவிட்டால் கம்ப்யூட்டர் உயர மேட்டுக்குப் போகவே போகாது.

சாலினாய்டைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் சின்னச் சல்லடையை என் கையில் கொடுத்தார். கரும்பசையாக அடைத்திருந்தது. ஆயிலைக் காலத்தில் மாற்றாமல் ஓட்டியதால் வந்தது. ஸ்விட்சும் செத்திருந்தது. சல்லடையோடு சேர்ந்த கேஸ்கெட் புதிதாகப் போட்டார். ஸ்விட்சைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தார், வந்ததும் மீட்டர் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் மாட்டினார். ஆயில் அளவு கம்பியில் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலே இந்த அமைப்பு தடுமாறும் என்பதையும் அப்போது சொன்னார். விடெக் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடம் செலவழித்து அந்தக் கம்பியை உருவிப் பாருங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டர் முழுக்க மிதித்திருக்க வேண்டும். மிதித்தது நான். கேஜில் வந்த அளவுகளைச் சாக்பீஸால் தரையிலேயே எழுதினார்: 172, 168, 128, 170 பிஎஸ்ஐ. ஹோண்டாவின் இந்த வரிசை எஞ்சின்களுக்கு 135க்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 28க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்றாவது சிலிண்டர் இரண்டிலும் தேறவில்லை. எண்பத்தைந்தாயிரம் கேட்டவர் சொன்னது சரிதானோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அண்ணன் பதறவில்லை. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு மூடி ஆயிலை ஊற்றி மறுபடி பார்த்தார். பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு சட்டென்று ஏறும். ஏறவில்லை. அப்படியானால் கசிவு வால்வில். "கேஸ்ல ஓடின வண்டில்ல, அதான்" என்றார். எல்பிஜி காய்ந்த எரிபொருள்; வால்வு உட்காரும் சீட் வேகமாகத் தேயும். சீட் தேயத் தேய வால்வு மேலே ஏறி, ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். கடைசியில் எஞ்சின் சூடானால் வால்வு முழுக்க மூடவே மூடாது. இந்த எஞ்சினில் இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு கிடையாது, ஸ்க்ரூ வைத்துக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். எத்தனை வருடமாக யாரும் அதைத் தொடவில்லையோ.

சரி, இப்போதே செய்துவிடலாமே என்றேன். முடியாது என்றுவிட்டார். வால்வுகள் இருக்கும் மேல் பாகமான ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அந்த இடைவெளியை அளக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. நான் போனது மே மாதம். மதுரையில் மத்தியானம் நிழலிலேயே 38 தாண்டிவிடுகிறது. "வண்டி ராத்திரி இங்கனயே கிடக்கட்டும். விடியக் காலம் அஞ்சு மணிக்கு வந்து பார்க்குறேன். நீங்களும் வாங்க" என்றார். போனேன். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை என்னிடம் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வுகளில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. பதினாறு வால்வையும் அளவுக்குக் கொண்டுவந்து, காரைச் சூடாக்கி மறுபடி கம்ப்ரஷன் பார்த்தபோது மூன்றாவது 161 காட்டியது. ஹெட்டைக் கழற்றாமல், ஒரு பாகம்கூட மாற்றாமல்.

இந்த ஒரு காலை வேலைக்காக மட்டும் நான் இந்தக் கடையை யாருக்கும் கைகாட்டுவேன். சூடான எஞ்சினில் அவசரமாக இதைச் செய்து அனுப்பியிருந்தால் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, அவருக்கும் அரை நாள் மிச்சம்.

சின்னச் சின்னதாக இன்னும் சில. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ திருப்பி வைத்திருந்ததால் தீப்பொறி தாமதமாக வந்துகொண்டிருந்தது. டைமிங் லைட் அடித்து, புல்லியில் இருக்கும் குறிக்குக் கொண்டுவந்தார். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு என்னிடம் பில் இல்லை என்றதும், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றிவிடலாம் என்றார். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் என்பதால் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் ஒயரில் ஒரு கருப்புப் பெட்டி ஒட்டியிருந்தது. 'பெர்ஃபார்மன்ஸ் சிப்' என்று ஸ்டிக்கர். அண்ணன் அதைப் பிளந்து மல்டிமீட்டர் வைத்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு ரெசிஸ்டர், கடையில் ஒரு ரூபாய்க்குக் கிடைப்பது. உள்ளே போகும் காற்று குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்ற வைப்பதுதான் அதன் வேலை. சக்தி கூடாது. பிளக் கறுக்கும், மைலேஜ் போகும். இன்னமும் இந்தப் பெட்டிகளை ஆன்லைனில் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் விற்கிறார்கள். பிள்ளைகள் கைக்காசைப் போட்டு வாங்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

கூம்பு ஃபில்டர் பற்றி எனக்கும் அண்ணனுக்கும் நீண்ட பேச்சு நடந்தது. காற்று தடையில்லாமல் போனால் நல்லதுதானே என்று கேட்டேன். "காத்து போறது சரி டீச்சர், எங்கிட்டு இருந்து போகுது?" என்று பதிலுக்குக் கேட்டார். கூம்பு ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் வெக்கையை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கம்பெனி கொடுத்த பெட்டி வெளிக்காற்றை எடுக்கிறது. அங்கேயே நின்று மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். வெளியே 40 டிகிரி, எஞ்சின் அறைக்குள் 60 டிகிரி என்றால், உள்ளே இருக்கும் காற்றின் அடர்த்தி ஆறு சதவீதம் குறைவு. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். குளிர் ஊர்க்காரனுக்கு அந்தக் கூம்பு என்ன செய்யுமோ, மதுரை வெயிலில் அது சக்தியைத் தின்னத்தான் செய்யும். பழைய பெட்டியைப் பாதி விலைக்குத் தேடிப் பிடித்து, புது பேப்பர் ஃபில்டர் போட்டு மாட்டினோம். சத்தம் போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை.

வாய் அகன்ற சைலன்சரும் போயிற்று. வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. 15 வருடம் தாண்டிய கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், என் காருக்கு அடுத்தது 2027. அன்றைக்கு ஆர்டிஓ வாசலில் நின்று குழாயைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நான் தயாரில்லை.

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் பார்த்தது பிரேக்கை. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, சூடு அளக்கும் துப்பாக்கியை நான்கு சக்கரத்திலும் காட்டினார். பின் இடது டிரம் 50 டிகிரிக்குப் பக்கம், பின் வலது டிரம் 90. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துப் போய் அந்தச் சக்கரம் எப்போதும் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. எஞ்சின் கொடுத்ததில் ஒரு பங்கை டிரம்மைச் சூடாக்கவே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கேபிள், சிலிண்டர் ரப்பர், முன் பேட், டாட் 4 ஆயில் எல்லாம் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கலாம். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது அந்த 75 டிகிரிதான் உயிர்.

அலாய் வீலை எடை போட்ட கதையையும் சொல்ல வேண்டும். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் 16 அங்குல வீலை டயரோடு வைத்தோம், 19 கிலோ. பழைய 14 அங்குல வீல் டயரோடு 13.5 கிலோ. நான்குக்கும் சேர்த்து 22 கிலோ, அதுவும் சுழலுகிற எடை. கிளம்பும்போது முன்னால் தள்ளுவதற்கும் சுழற்றுவதற்கும் இரண்டு தடவை சக்தி கேட்கும். டயரின் மொத்த உயரமும் கூடுதல் என்பதால் எல்லா கியரும் நீண்டுவிடுகின்றன. 14க்குத் திரும்பினேன். 175 அகல டயரே போதும் என்றார் அண்ணன். நான் 185/60 வாங்கினேன். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்கவில்லை, இப்போதும் கேட்க மாட்டேன். மழையில் நனைந்த மலைப்பாதையில் அந்தப் பத்து மில்லிமீட்டர் எனக்குத் தரும் நம்பிக்கை பெரியது.

இனி பலன். இந்தக் கடையில் எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனோ எந்திரம் கிடையாது. எத்தனை குதிரைத் திறன் என்று தாளில் அச்சடித்து வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. அதனால் நானே அளந்தேன். தூத்துக்குடி சாலையில் வலையங்குளம் தாண்டி, விடியற்காலையில், ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் 50லிருந்து 90 வரை எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். காற்றும் ஏற்ற இறக்கமும் ஏமாற்றக் கூடாது என்பதால் போகும் திசை, வரும் திசை இரண்டின் சராசரி. வேலைக்கு முன்னால் ஏழு விநாடியை ஒட்டி இருந்தது. இப்போது ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் மேலே. ஐயாயிரத்தில் எஞ்சினின் குரல் மாறுவதும், அதற்கு மேல் கார் இன்னொரு தடவை கிளம்புவதுபோல் இழுப்பதும் விநாடிக் கணக்கில் அடங்காத சந்தோஷம். கம்பெனி கொடுத்ததற்கு மேலே ஒரு குதிரைகூடச் சேர்க்கவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஏற்கெனவே காருக்குள் இருந்தது.

உச்ச வேகம் எவ்வளவு கூடியது என்று மாணவர்கள் கேட்டார்கள். அதற்கு இயற்பியல்தான் பதில். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். 170 ஓடும் ஒரு காரை 180 ஓட வைக்க, காற்றுத் தடையை மட்டும் கணக்கில் எடுத்தால், சுமார் 19 சதவீதம் அதிக சக்தி வேண்டும். 106 இருக்கும் இடத்தில் 126. டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் எஞ்சினில் அந்த இருபதைச் சேர்க்கக் கேம், பிஸ்டன், கம்ப்யூட்டர் என்று காரின் விலையைவிட அதிகம் போகும். பத்து சதவீதம் சக்தி கூட்டினால் கிடைப்பது ஐந்தரை கிலோமீட்டர். 'ஃபில்டர் மாட்டினால் டாப் ஸ்பீடு 15 கூடும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள். ஆனால் தொலைந்த சக்தியை மீட்பது வேறு கதை. பிடித்துக்கொண்டிருந்த பிரேக், திறக்காத விடெக், கசிந்த வால்வு மூன்றும் சேர்ந்து என் காரில் எடுத்துக்கொண்டதை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

நம் நான்கு வழிச்சாலையில் 100க்கு மேல் போக எனக்கு அவசியமும் இல்லை, உரிமையும் இல்லை. டோல்கேட் தாண்டியதும் ஆடு கடக்கும், எதிர்த்திசையில் பைக் வரும். முழு வேகத்தை உணர ஆசைப்படுபவர்கள் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னைக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ போங்கள். ஒன்று 2.1 கிலோமீட்டர் சுற்று, மற்றது 3.7. சொந்தக் காரை ஓட்ட அனுமதிக்கும் நாட்கள் அங்கே உண்டு.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் அதே அளவு பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆக ஒரு லிட்டருக்கு ஆறேழு சதவீதம் இழப்பு. 2002 மாடல் காரின் ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அண்ணன் பழைய குழாய்களை வளைத்துக் காட்டினார், மேலே மயிரிழை வெடிப்புகள். பெட்ரோல் ஒழுகி எஞ்சின் சூட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொண்டேன். உங்கள் கார் வேகமாக ஓடாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 100 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா என்றதற்கு, இந்த எஞ்சினின் கம்ப்ரஷனுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை என்று சொல்லி என் காசை மிச்சப்படுத்தினார்.

மொத்தச் செலவு டயரைச் சேர்க்காமல் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அதில் கூலி பதினோராயிரம். மாற்றிய ஒவ்வொரு பழைய பாகத்தையும் அட்டைப் பெட்டியில் போட்டு டிக்கியில் வைத்துக் கொடுத்தார். அலாய் வீலை விற்றுத் தந்ததில் டயர் காசில் ஒரு பகுதி வந்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். போனை எடுக்க மாட்டார். வேலை நடக்கிறதா என்று தெரிய நேரில்தான் போக வேண்டும். சொன்ன தேதிக்கு வண்டி தயாராகவில்லை, பாகம் வரத் தாமதம் என்பது உண்மைதான், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில் என்பது நோட்டிலிருந்து கிழித்த தாள். ஜிஎஸ்டி ரசீது வேண்டும் என்பவர்களுக்கு ஆகாது. ஏசி, ஒயரிங் தொட மாட்டார். உட்கார இடம் வேப்பமரத்தடிப் பெஞ்சுதான். பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை, இதை அவரிடமே சொல்லிவிட்டேன். மற்றபடி, ஒரு பெண் தனியாகப் போய் எஞ்சினைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காமல், பதிலை என்னைப் பார்த்தே சொன்ன முதல் பட்டறை இது. அங்கே வேலை செய்யும் பையன்களும் அப்படித்தான்.

யாருக்கு ஏற்ற இடம்? பழைய சிட்டி, பழைய லான்சர், ஐகான் மாதிரி கார்களைப் பிரியமாக வைத்திருந்து, முன்புபோல் ஓடவில்லையே என்று தவிப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். டர்போ, எஞ்சின் மாற்றம், பந்தய வேலை தேடுபவர்கள் கோவைக்குப் போவதே நல்லது. அண்ணனும் அப்படித்தான் சொல்லி அனுப்புவார்.

போகிறவர்கள் கவனிக்க: ஆயுத பூஜைக்கு முந்தின வாரமும் சித்திரைத் திருவிழா நாட்களும் வேண்டாம், கடையில் ஆள் இருக்காது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகாமல் ஓட்டிக்கொண்டே போங்கள், கம்ப்ரஷன் பார்க்க எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். கையில் இருக்கும் பழைய சர்வீஸ் பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வு வேலை என்றால் இரவு வண்டியை அங்கேயே விட வேண்டியிருக்கும், திரும்பி வர மாட்டுத்தாவணி பஸ் தொழிற்பேட்டை ஸ்டாப்பிலேயே நிற்கும்.